பால் நீலமாச்சு, ஆனா கல்லு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நீலக்கல் பத்தி ஒரு ஓரமா நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் பாத்தா ஊர்ல பாதிப் பேர் விரல்ல நீலம் இருக்கும் போல. நிறைய பேர் போட்டோ மட்டும் அனுப்பி "ஒரிஜினலா சார்?"னு ஒரே வரி கேட்டிருக்கீங்க. போட்டோ பாத்து நான் மட்டும் இல்ல, எவராலயும் சொல்ல முடியாது, கோவிச்சுக்காதீங்க. மத்ததுல சிலதை எடுத்துக்கிட்டேன்.

ஜோசியர் சொல்லி 4.25 கேரட்ல நீலம் வாங்கினோம். பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்கன்னு வெள்ளி டம்ளர்ல பால் ஊத்தி உள்ள போட்டோம். பால் லேசா நீலமாத் தெரிஞ்சது. அப்போ அசல்தானே? – வாசகி, கும்பகோணம்

அம்மா, பால் பழைய கதை, ரொம்ப ரொம்பப் பழைய கதை. நூறு மடங்கு பாலையும் நீலமாக்குற கல்தான் மகாநீலம்னு அந்தக் கால ரத்தின சாஸ்திரத்துலயே இருக்கு. ஆனா அந்த சாஸ்திரம் எழுதின காலத்துல செயற்கைக் கல்லே கிடையாதே. வெளிச்சம் கல்லு வழியா போய் பால்ல சிதறுது, நம்ம கண்ணுக்கு நீலமாத் தெரியுது, அவ்வளவுதான். நீலக் கலர் கண்ணாடித் துண்டைப் போட்டாலும் தெரியும், நான் வீட்ல வளையல் துண்டைப் போட்டு பாத்திருக்கேன், மாமிக்கும் செஞ்சு காட்டுங்க. தலைமாட்டுல வச்சுத் தூங்கி கனவு பாக்குறது வேற விஷயம், அது உங்களுக்கும் சனி பகவானுக்கும் நடுவுல, அதுல நான் வரல.

வீட்லயே செய்யக்கூடிய உருப்படியான டெஸ்ட் ஒண்ணு இருக்கு, கல்லு மோதிரத்துல பதிக்காம தனியா இருந்தா மட்டும். நகைக்கடை மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு இருக்கணும். சின்ன கப்ல தண்ணி வச்சு தராசை ஜீரோ பண்ணிக்கோங்க, கல்லை மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, அடியில தொடக்கூடாது, ஓரத்துலயும் தொடக்கூடாது. ஒரு கேரட்னா 0.2 கிராம், உங்க 4.25 கேரட்னா 0.85 கிராம். இப்போ தராசு சுமார் 0.21 காட்டினா, 0.85-ஐ அதால வகுத்தா 4 வரும். நீலக்கல்லோட அடர்த்தி 4 தான். சாதா கண்ணாடின்னா 2.5 பக்கம் வரும், நீலின்னு விக்கிற வேற இனக் கல்லு 2.6 பக்கம், டோபாஸ்னா மூணரை. சின்னக் கல்லுக்கு இது சரியா வராது, தராசு ரெண்டாவது புள்ளியில கொஞ்சம் ஆடினாலே கணக்கு மாறிடும்.

இப்போ கசப்பான பாகம். 4 வந்தாலும் சந்தோஷப்பட்டுடாதீங்க. ஃபாக்டரியில செஞ்ச நீலக்கல்லுக்கும் 4 தான் வரும், ஏன்னா அது கண்ணாடி இல்ல, அதுவும் நீலக்கல்தான். பூமிக்குள்ள இருக்கிறதும் அலுமினியம் ஆக்சைடு, அதுல துளி இரும்பு துளி டைட்டானியம், அதனால நீலம். ஃபாக்டரியிலயும் அதே அலுமினியம் ஆக்சைடு, அதே இரும்பு, அதே டைட்டானியம். கடினம் ரெண்டுக்கும் 9. பளபளப்பும் அதே. "கண்ணாடியைக் கீறிச்சு சார், அப்போ ஒரிஜினல்"னு சொல்றவங்க இருக்காங்க, செயற்கையும் அதே மாதிரி ஜோரா கீறும்.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? வளர்ந்த விதத்தை வச்சு. 1902-ல வெர்னோய்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் முதல்ல மாணிக்கத்தை (நீலக்கல்லோட அதே இனம்தான், சிவப்புக் கலர்ல) செஞ்சு காட்டினார். அலுமினா பவுடரை மேல இருந்து சலிச்சு விடுவாங்க, நடுவுல ஹைட்ரஜன் ஆக்சிஜன் ஜ்வாலை, 2000 டிகிரிக்கு மேல, பவுடர் உருகி கீழ சொட்டுச் சொட்டா விழுந்து முள்ளங்கி மாதிரி ஒரு கட்டியா வளரும், சில மணி நேரத்துல ஆயிடும். அது உருண்டை மண்டையோட வளர்றதால உள்ள கலர் கோடெல்லாம் வளைஞ்சிருக்கும். பூமியில வளர்ற கல்லு அறுகோணப் படிகம், அதுல கலர் பட்டை நேரா போய் மூலையில 120 டிகிரியில மடங்கும், தேன்கூட்டு மூலை மாதிரி.

இதைப் பாக்க வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணத்துல சுத்தமான தேங்காய் எண்ணெய் ஊத்தி கல்லை முக்கி, அடியில மொபைல் டார்ச்சை வச்சு டார்ச்சுக்கு மேல ஒரு வெள்ளைப் பேப்பர் போட்டு வெளிச்சத்தைப் பரப்பிக்கிட்டு, டென் எக்ஸ் லென்ஸ்ல (பத்து மடங்கு பெருசாக் காட்டுறது) திருப்பித் திருப்பி பாருங்க. தண்ணியை விட எண்ணெய் பரவால்ல, கல்லோட மேல்தளம் கண்ணுல படாம மறையும், உள்ள இருக்கிறது தெரியும். வெங்காயத்தைக் குறுக்க வெட்டினா வர்ற வளையத்துல ஒரு துண்டு மாதிரி, வில்லாட்டம் வளைஞ்ச நீலப் பட்டை தெரிஞ்சா முடிஞ்சது கதை, செயற்கை. ஒரே ஒரு பக்கம் பாத்துட்டு விட்டுடாதீங்க, எந்தப் பக்கம் தெரியும்னு கல்லுக்குத்தான் தெரியும், நான் சில கல்லை பதினஞ்சு நிமிஷம் உருட்டியிருக்கேன். கூடவே குட்டி குட்டியா உருண்டைக் காத்துக் குமிழ் இருந்தா இன்னும் உறுதி. ஒண்ணுமே தெரியலைன்னா? அதுதான் எனக்குப் பயம். 4.25 கேரட்ல ஒரு தூசி இல்லாம, துடைச்சு விட்ட மாதிரி நீலம் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சிருக்குன்னா நேரா லேபுக்குக் கொண்டு போங்கம்மா.

அப்பாவோட மோதிரம், 1962-ல வாங்கினது. சிலோன் நீலம்னு சொல்லுவார். அந்தக் காலத்துல டூப்ளிகேட் எல்லாம் ஏது, கண்டிப்பா ஒரிஜினலாத்தான் இருக்கும்னு அக்கா சொல்றாங்க. விக்கலாமா வேணாமானு வீட்ல சண்டை. – பேர் வேண்டாம் என்றவர், திண்டுக்கல்

மேல சொன்ன வருஷத்தை இன்னொரு தடவை பாருங்க, 1902. நீலம் செய்யறதுக்கு அப்புறம் இன்னும் எட்டொம்பது வருஷம் ஆச்சு, முதல்ல கோபால்ட் போட்டுப் பாத்து சரிவராம, அப்புறம்தான் இரும்பும் டைட்டானியமும்னு பிடிச்சாங்க. 1910 வாக்குல நீலமும் ரெடி. அப்பா மோதிரம் வாங்கினப்போ செயற்கை நீலத்துக்கே அம்பது வயசு. நம்ம பக்கத்துலயே மேட்டுப்பாளையத்துல செயற்கைக் கல் உருக்குற ஃபாக்டரி இருந்துச்சு, திருச்சி சுத்து வட்டாரத்துல வீட்டுக்கு வீடு அந்தக் கல்லைப் பட்டை தீட்டினாங்க, எங்க தெருவுல சாயங்காலம் ஆனா அந்தச் சாணைச் சத்தம்தான். அதனால பாட்டி காலத்துத் தோடு, தாத்தா மோதிரம்னு வந்தாலே நான் முதல்ல வெங்காய வளையத்தைத்தான் தேடுவேன். பாதிக்குப் பாதி ஏமாற்றம்தான், அதைச் சொல்லும்போது அவங்க முகத்தைப் பாக்கறதுதான் இந்தத் தொழில்ல எனக்குப் பிடிக்காத வேலை. ஒரு அம்மா, "அப்போ எங்க வீட்டுக்காரர் என்னை ஏமாத்திட்டாரா?"னு கேட்டாங்க. அவரையும் யாரோ ஏமாத்தியிருப்பாங்கம்மானு சொல்லி அனுப்பினேன்.

நட்சத்திரக் கல் வச்சிருக்கவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன். மேல விளக்கைக் காட்டினா ஆறு கால் நட்சத்திரம் ஓடுமே, அதுவும் 1947-லயே அமெரிக்காவுல லிண்டேன்னு ஒரு கம்பெனி செயற்கையா செஞ்சு விக்க ஆரம்பிச்சாச்சு. செயற்கை நட்சத்திரம் ரூலர் வச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கும், கல்லு மேலயே ஒட்டி வச்ச மாதிரி, அடிப்பக்கமும் நல்லா தட்டையா இருக்கும். பூமியில வந்தது கொஞ்சம் கோணலா, ஒரு கால் மங்கலா, உள்ளாழத்துல மிதக்குற மாதிரி இருக்கும், எடை குறையக்கூடாதுன்னு அடிப்பக்கத்தைச் சரியா தீட்டாம தடியா விட்டிருப்பாங்க.

அக்காகிட்ட சண்டை போடாதீங்க. பதிச்ச கல்லை கழட்டாம முழுசா சொல்ல முடியாது, கழட்டினா செலவு கொஞ்சம்தான்.

அப்பா இரத்தினபுரியில வேலை செய்யேக்க வாங்கின கல் ஒண்டு என்னட்ட இருக்கு. இங்க லேபில குடுத்தா இயற்கைக் கல்லுதான், ஆனா சுட்டிருக்கு எண்டு எழுதித் தந்திட்டினம். அப்ப அப்பாவை ஏமாத்திப் போட்டாங்களோ? – வாசகர், டொரோண்டோ

இல்லைங்க, அவசரப்படாதீங்க. கடையில விக்கிற நீலத்துல பெரும்பாலானது சூடு காட்டினதுதான், இது ஒளிவு மறைவு இல்லாத விஷயம், சொல்லி வித்தா தப்பே கிடையாது. இலங்கையில கரி அடுப்புல ஊதுகுழல் வச்சு ஊதி, சிவப்புக் கல்லுல இருக்கிற நீலச் சாயலை எடுக்கிறது தலைமுறை தலைமுறையா வர்ற கைவேலை. அது கம்மிச் சூடு. 1970-கள்லதான் ஆட்டம் மாறிச்சு. கெவுடான்னு ஒரு கல், உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், பால் கலந்த மாதிரி வெளுத்து டீசல் சாயலோட இருக்கும், அதை ஒருத்தரும் மதிக்கல. தாய்லாந்து வியாபாரிங்க வந்து அதையே மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போனாங்க, இலங்கைக்காரங்க எதுக்குன்னே தெரியாம சந்தோஷமா வித்தாங்க. அங்க 1500 டிகிரிக்கு மேல 1800 வரைக்கும் உலையில வச்சு எடுத்தா ஜம்முனு நீலம்! கெவுடால இருக்கிற அந்தப் பால் என்னன்னா பட்டு நூல் மாதிரி டைட்டானியம் ஊசிங்க. சூட்டுல அது கல்லுக்குள்ளயே கரைஞ்சு, ஏற்கெனவே உள்ள இருக்கிற இரும்போட ஜோடி சேந்து நீலமாயிடுது. வெளியில இருந்து எதையும் சேக்கல, உள்ள இருந்ததையே கிளறி விட்டாங்க. அதனாலதான் இயற்கைக் கல்லுன்னே லேப் எழுதுது.

சுட்டதா சுடாததானு எப்படித் தெரியும்னா, சுடாத கல்லுல அந்த ஊசிங்க முழுசா, மூணு திசையில 60 டிகிரி கோணத்துல, வெளிச்சத்தைச் சாய்ச்சுக் காட்டினா வானவில் மாதிரி மின்னும். சுட்டா ஊசி உடைஞ்சு புள்ளி புள்ளியா வரிசையா நிக்கும். உள்ள வேற படிகம் இருந்தா அது உருகி பனி உருண்டை மாதிரி வெளுத்து, சுத்தி வட்டமா ஒரு விரிசல் போட்டிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம் வேற. சிலோன் கல்லுல சிலதுக்குள்ள சின்னதா ஒரு குகை இருக்கும், அதுல கார்பன் டை ஆக்சைடு திரவமா அடைஞ்சிருக்கும், அதுக்குள்ள ஒரு குமிழி மிதக்கும். மைக்ராஸ்கோப் விளக்குச் சூட்டுல 31 டிகிரி தாண்டினதும் அந்தக் குமிழி பட்டுனு காணாம போயிடும், ஆற விட்டா திரும்ப வந்து உக்காரும். கல்லை உலையில வச்சிருந்தா அந்தக் குகை எப்பவோ வெடிச்சிருக்கும், அதனால இது இருந்தா பெரிய சூடு பட்டதே இல்லைன்னு அர்த்தம். டொரோண்டோல நீங்க ஈஸியா பாக்கலாம். திருச்சியில சித்திரை மாசம் ஏசி போடாம குமிழி பாக்கவே முடியாது, ரூமே 31-க்கு மேலதான்! கத்துக்குட்டியா இருந்தப்போ ஒரு வாரம் தேடிட்டு, இல்லாத குமிழியை வாத்தியார் இருக்குன்னு சொல்றாரேன்னு அவர்மேல சந்தேகப்பட்டிருக்கேன்.

விலையில வித்தியாசம் உண்டு, பெரிய கல்லா நல்ல கலரா இருந்தா சுடாததுக்கு சுட்டதை விட பல மடங்கு குடுப்பாங்க. அப்பா சுட்ட கல்லுக்கான காசைத்தான் குடுத்தாரா சுடாததுக்கா குடுத்தாரான்னு பில்லைப் பாத்தாத்தான் தெரியும்.

கனக புஷ்பராகம் வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது. மஞ்சள் கலர் வெளுத்து இப்போ தண்ணி மாதிரி இருக்கு. கடைக்காரர் "குருபலம் இறங்கிடுச்சு, கல்லு உங்க தோஷத்தை இழுத்துக்கிச்சு"ன்னு சொல்றார். – வாசகர், சேலம்

தோஷம் கடையில! கதிர்வீச்சு குடுத்து மஞ்சளாக்கின கல்லுங்க அது, கிட்டத்தட்ட நிச்சயம். வெளுத்த நீலக்கல்லை (புஷ்பராகம்னு விக்கிறது அதே இனம்தான், மஞ்சள் கலர்ல) கதிர்வீச்சுல காட்டினா நல்ல பொன் மஞ்சள் வரும், ஆனா வெயில் பட்டா இறங்கிடும். அதனால மஞ்சள் கல் வாங்கும்போது ரெண்டு மூணு நாள் ஜன்னலோரமா நல்ல வெயில்ல வச்சு பாத்துட்டு மிச்சக் காசு தர்றேன்னு பேசிக்கோங்க. ஒத்துக்காத கடையில வாங்காதீங்க. பில்லுல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. வெறும் "புஷ்பராகம்"னு இருந்தா டோபாஸும் அந்தப் பேர்ல வரும், சிட்ரினைக்கூட (மஞ்சள் படிகக்கல்) அப்படி விக்கிறாங்க, அப்புறம் சண்டை போடவும் வழி இருக்காது.

மஞ்சள், ஆரஞ்சுல இன்னொரு பூதம் இருக்கு, பெரிலியம். இதுல நானே சூடு பட்டவன். 2001 கடைசியில ஒரு ஏஜென்ட் கொண்டு வந்து கொட்டினார், ஆரஞ்சும் ரோஸும் கலந்த கல்லு, பத்பராட்ஷா கலர், தாமரைப் பூ கலர்னு சொல்லுவாங்களே, எங்கயோ ஒண்ணு ரெண்டு கிடைக்கிற சரக்கு. அது பாக்கெட் நிறைய! அப்பவே மூளை வேலை செஞ்சிருக்கணும். வாங்கிட்டேன். அடுத்த வருஷம் தொடக்கத்துலதான் விஷயம் வெளிய வந்துச்சு, தாய்லாந்து சந்தபுரி உலைகள்ல பெரிலியம் இருக்கிற கல்லோட சேத்து சுட்டா அந்தப் பெரிலியம் உள்ள ஊறி கலரை மாத்திடுதுன்னு. பெரிலியம் ரொம்ப லேசான தனிமம், லேபுகள்ல சாதாரணமா வச்சிருக்கிற எக்ஸ்ரே கருவிக்கே சிக்காது, லேசர் வச்சு சுரண்டி அளக்குற மெஷின்தான் பிடிக்கும். என் லென்ஸ் என்ன பண்ணும், பாவம். அந்தப் பாக்கெட்ல மிச்சம் இருந்ததை இன்னும் டிராயர்ல வச்சிருக்கேன், கத்துக்க வர்ற பசங்களுக்குக் காட்ட.

நீலத்துலயும் இதோட அண்ணன் ஒண்ணு உண்டு, டைட்டானியத்தை வெளிய இருந்து ஊற வைக்கிறது. அது தோல் அளவுக்குத்தான் உள்ள போகும், அரை மில்லிமீட்டர்கூட தாண்டாது. முன்ன சொன்ன எண்ணெய்க் கிண்ணத்துல போட்டா பட்டை ஓரமெல்லாம் பேனாவால கோடு போட்ட மாதிரி கருநீலமாத் தெரியும், நடுவுல வெளுப்பா இருக்கும். திரும்பப் பட்டை தீட்டக் குடுத்தா கலரே போயிடும்.

பழைய மோதிரம் பெருசு பண்ண பத்தர்கிட்ட குடுத்தேன். திரும்பி வந்தப்போ நீலக்கல் வெளுத்து, வெடிச்ச மாதிரி கோடு கோடா இருக்கு. "நல்ல கல்லா இருந்தா தாங்கியிருக்கும், நான் பொறுப்பில்ல"ங்கிறார். யார் மேல தப்பு? – வாசகி, மயிலாப்பூர்

ரெண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும்மா. விரிசல் நிறைஞ்ச ஒண்ணுக்கும் உதவாத கல்லை எடுத்து, கோபால்ட் கலந்த நீல ஈயக் கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள்ள ஊத்திடறாங்க. பாக்க பளிச்சுனு நீலமா இருக்கும். கண்ணாடி ஊத்தின மாணிக்கம் முன்னாடியே மார்க்கெட்ல நிறைஞ்சிருந்தது, நீலத்துல இது 2012 வாக்குலதான் பெருசா தலை காட்டிச்சு. பத்தரோட ஊதுகுழல் பட்டா அந்தக் கண்ணாடி உருகி வெளிய வந்துடும், கழுவுற ஆசிட் பட்டாலும் போயிடும், எலுமிச்சம்பழச் சாறுல ஊறினாகூட அரிக்கும். லென்ஸ்ல பாத்தா விரிசல் ஓரமா சப்பையா குமிழி, விரிசலுக்குள்ள அடர் நீலம் தேங்கி நிக்கிறது, திருப்பும்போது பளிச்சுனு வேற கலர்ல ஒரு மின்னல். இதுக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், கொஞ்சம் பழகினா நீங்களே பாக்கலாம்.

ஆனா பத்தர் சொல்ற மாதிரி "நல்ல கல்லுன்னா தாங்கும்"ங்கிறதும் முழுசா சரியில்ல. அசல் நீலக்கல் பொதுவா சூட்டைத் தாங்கும், வெங்காரத்தை (போராக்ஸ்) தாங்காது. வெங்காரம் பூசி ஊதினா எந்த நீலக்கல்லா இருந்தாலும் மேல்தளம் அரிச்சு மங்கிப் போகும். அது வெறும் மேலோட்டமான அரிப்புன்னா திரும்பத் தீட்டினா சரியாயிடும். கோடு உள்ளுக்குள்ள ஓடுதுன்னா பெரும்பாலும் கண்ணாடி ஊத்தினதா இருக்கும், அப்போ வித்த கடைக்குத்தான் போகணும். கல்லைக் கழட்டி வச்சுட்டு ஊதியிருக்கலாமே அந்த மனுஷன், அது சோம்பேறித்தனம்.

ஆன்லைன்ல டைமண்ட் டெஸ்டர் பேனா வாங்கினேன். நீலக்கல்லுக்கு ஆகுமா? – கல்லூரி மாணவர், மதுரை

ஆகாது தம்பி. அது சூடு எவ்வளவு வேகமா கடத்துதுன்னு பாக்குற கருவி. கண்ணாடியையும் நீலத்தையும் பிரிக்கும். செயற்கை, இயற்கை ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். யூவி டார்ச்சும் வாங்கிடாதீங்க. ஷார்ட் வேவ்ல செயற்கை நீலம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறி ஒளிரும்தான், ஆனா சுட்ட சிலோன் கல்லு சிலதும் அதே மாதிரி ஒளிரும், குழம்பிடுவீங்க. டென் எக்ஸ் லென்ஸ் நல்லதா ஒண்ணு வாங்குங்க.

ஹால்மார்க் மோதிரம்தான், கார்டும் குடுத்திருக்காங்க. அப்புறம் கல்லைத் தனியா டெஸ்ட் பண்ணணுமா? – வாசகர், நாகர்கோவில்

ஹால்மார்க் தங்கம், வெள்ளிக்கு மட்டும்தான் சார், கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கார்டுல முதல்ல "நேச்சுரல்"னு இருக்கா பாருங்க. அதோட நிறுத்திடாதீங்க, கீழ கமெண்ட்னு சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும், அங்கதான் விஷயமே. "நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்"னு இருந்தா சூட்டுக்கான அடையாளம் இல்லைன்னு அர்த்தம். ட்ரீட்மென்ட் பத்தி பேச்சே இல்லாத கார்டு, கல்லு நீலக்கல் இனம்னு மட்டும்தான் சொல்லுது, சுடாததுன்னு சொல்லல. கடையோட பேர்ல கடையே அச்சடிச்ச கார்டை நான் கார்டாவே எடுத்துக்கறதில்ல. ஜெய்ப்பூர் ஐ.ஐ.ஜி.ஜே. லேப் (முன்ன ஜெம் டெஸ்டிங் லேபரட்டரின்னு இருந்தது), ஜி.ஐ.ஏ. மாதிரி வெளி லேப் ரிப்போர்ட்டா கேளுங்க, நம்பரை வெப்சைட்ல போட்டு பாருங்க.

அப்புறம், கார்டுல எடை ரெண்டு புள்ளி வரைக்கும், நீளம் அகலம் உயரம் மில்லிமீட்டர்ல இருக்கும். கையில இருக்கிற கல்லை எதிர்ல வச்சே நிறுத்து, அளந்து பாருங்க. போன மாசம்தான் ஒருத்தர் அருமையான ரிப்போர்ட் ஒண்ணு கொண்டு வந்தார், சுடாத சிலோன் நீலம், 3.18 கேரட். கூடவே வந்த கல்லை நிறுத்தா 2.94.